எப்.ஏ. பெயில்

கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் அந்தச் சின்ன வீட்டின் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்குக் கணக்கு நினைவுக்கு வருவதில்லை, பரீட்சைதான் வருகிறது. ராமானுஜன் இங்கிருந்துதான் காவிரிக்கரைச் சர்க்கார் கலாசாலைக்குப் போய்வந்தார். 'தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ்' என்று ஊர்க்காரர்கள் பெருமைப்படும் கலாசாலை அது. அங்கே அவர் தேறவில்லை.

1904-ல் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்கான பரிசை வாங்கிக்கொண்டு, உபகாரச் சம்பளத்தோடு கலாசாலைக்குள் நுழைந்த பையன். அப்பா ஜவுளிக்கடைக் குமாஸ்தா. மாதம் 20 ரூபாய் சம்பளம். எப்.ஏ. வகுப்பில் கணக்கு மட்டும் போதாதே! ஆங்கிலத்தில் தவறினார். உபகாரச் சம்பளம் போயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். அடுத்த வருஷம் சென்னையில் பச்சையப்பன் கலாசாலை. அங்கே உடலியல் காலை வாரிவிட்டது. 1907-லும் பெயில்தான்.

கலாசாலையைத் திட்டுவது சுலபம். நான் திட்ட மாட்டேன். எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்பது சட்டம். மார்க்குப் போட்டவர் என்ன செய்வார்? பெயிலானவனை உட்கார வைத்து, ஆறு மாதம் ஆங்கில வியாசம் எழுதக் கற்றுக்கொடுப்பது எவருடைய வேலையாகவும் இல்லை. அதுதான் என் வருத்தம். தேறு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ.

1913-ல் ஹார்டிக்கு எழுதிய கடிதம் கதையை மாற்றிற்று. எப்.ஏ.யில் தவறவிட்ட அதே சென்னைச் சர்வகலாசாலை, பட்டமில்லாதவருக்கு விதியைத் தளர்த்தி மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. மறுவருஷம் கேம்பிரிட்ஜ் போனார். அங்கேதான் ஹார்டிக்குத் திண்டாட்டம். இந்த மனிதர் அபூர்வமான சூத்திரங்களை அள்ளி வீசுகிறார். ஆனால் 'நிரூபணம்' என்றால் என்ன என்பதே அவருக்குத் தெளிவில்லை. முதல் பாடத்திலிருந்து படியென்று சொன்னால் உள்ளே இருக்கும் ஊற்று அடைபட்டுவிடலாம். சொல்லாமலும் விட முடியாது. ஹார்டி கூடவே உட்கார்ந்து, தேவையானதை மட்டும் கொஞ்சங் கொஞ்சமாகக் கற்றுக்கொடுத்தார். தாம் கற்பித்ததைவிடக் கற்றுக்கொண்டதே அதிகம் என்று பின்னால் ஒப்புக்கொண்டார். 1916-ல் ராமானுஜன் பி.ஏ.; 1918-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினர்.

மேதைக்கு ஒரு ஹார்டி கிடைத்தார். மற்றவர்களுக்கு?

நான் பி.யூ.சி. படித்தவன். இண்டர்மீடியட் போய், 1978-ல் பிளஸ் டூ வருவதற்குமுன் இருந்ததே, அந்த ஒரு வருஷ வகுப்பு. கலாசாலையின் பெயர் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் எல்லாம் தமிழ். ஜூன் மாதம் திடீரென்று எல்லாம் ஆங்கிலம். 'பிராணவாயு' என்று படித்தவனுக்கு 'ஆக்ஸிஜன்' வேறு ஏதோ சாமானாகப் பட்டது. நாற்று நட்டுவிட்டுத் தண்ணீர் விடாத மாதிரிதான். ரசாயன வாத்தியார் ஒருவர் மட்டும் சாயங்காலம் நாலரை மணிக்கு வராந்தாவில் எங்களை உட்கார வைத்து, காலையில் நடத்தியதைத் தமிழில் திரும்பச் சொல்லுவார். அதற்குச் சம்பளம் கிடையாது. நாங்கள் ஆறு பேர் தப்பித்தோம். வலங்கைமான் பக்கத்துச் சிநேகிதன் ஒருவன், என்னைவிடப் புத்திசாலி, உட்காரவில்லை. ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அவன் ஊருக்கு வேறு பஸ் இல்லை. ஆங்கிலத்தில் போய்விட்டான். ஆடி மாதம் நாற்றங்காலில் நின்றான்.

போன வருஷம் அவனைப் பார்த்தேன். என் பேரன் என்ஜினீயரிங் சேர்ந்திருக்கிறான், முதலில் சில வாரம் 'பிரிட்ஜ் கோர்ஸ்' என்று ஆங்கிலமும் கணக்கும் அடியிலிருந்து சொல்லித் தருகிறார்கள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டான்.

"அது சரிடா, எத்தனை மணிக்கு விடறாங்க? அப்புறம் பஸ் இருக்கா?"