ரங்கூன் அக்காவின் மரத்தூள் அடுப்பு

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு ஸ்லோ குக்கர் வந்தது. மருமகள் வாங்கினாள். காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால், திரும்ப இரவு ஏழரை ஆகிவிடுகிறது. நம் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தைப் பக்கம் லாரிகள் மறித்துக்கொண்டால் எட்டும் ஆகும். வந்து பிறகு என்ன சமைப்பது?

"காலைல கோழியப் போட்டு ஆன் பண்ணிட்டுப் போயிடுவேன் மாமா. சாயங்காலம் வந்து பாஸ்தாவும் க்ரீமும் சேர்த்தா அரை மணியில சாப்பாடு. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், கேபிளை மட்டும் யாரும் தட்டி விடாம பாத்துக்கங்க" என்றாள்.

காவல் வேலை எனக்குப் பழக்கம்தான். முப்பத்திரண்டு வருடம் கோப்புகளைக் காவல் காத்தவன். அன்று மாலை அவள் மூடியைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். வெள்ளையாக, கெட்டியாக ஒரு குழம்பு. அதில் நூல் நூலாகப் பிரிந்த கோழிக் கறி. மேலே மாவுப் பண்டம். "இதை நான் 1976-லேயே சாப்பிட்டிருக்கிறேன்" என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நம் பக்கத்துப் பெரியவர்களில் சிலருக்கு இது தெரிந்த கதையாகவே இருக்கும்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு. பாடப் புத்தகத்தில் "நூய்" என்று ஒரு சொல் வந்தது. ஒரு கிண்ணம், அதில் சுருண்டு கிடக்கும் நாடாக்கள். படத்தைப் பார்த்துத்தான் பொருள் புரிந்துகொண்டேன். "மிஜொத்தே" என்று இன்னொரு சொல். சின்னத் தீயில் நெடுநேரம் கொதிக்காமல் கொதிக்க விடுவது என்று பொருள். இந்த இரண்டு சொற்களையும் நான் நேரில் பார்த்தது பிரெஞ்சுக்காரர் வீட்டில் அல்ல. திருவொற்றியூரில் ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டின் பின்கட்டில்.

வேலை கிடைத்து சென்னைக்கு வந்த புதிதில் தனியாள். ராயபுரத்தில் ஒரு அறை. என் சமையல் ஒரு பழைய ருக்மணி குக்கரில். இளைய வாசகர்களுக்கு அது தெரியாது. பித்தளையில் உயரமான ஒரு பாத்திரம், உள்ளே அடுக்கடுக்காகக் கிண்ணங்கள், அடியில் கரி. அரிசியும் பருப்பும் காயும் வைத்து மூடிவிட்டு வெளியே போய்வரலாம். அதற்கு அண்ணன் முறை ஆகவேண்டியது வங்காளத்தில் இந்துமாதவ் மல்லிக் என்ற மருத்துவர் 1910-ல் செய்த இக்மிக் குக்கர். புரி ஜகந்நாதர் கோயில் மடைப்பள்ளியில் பானைமேல் பானை அடுக்கிச் சமைப்பதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்ததாகச் சொல்வார்கள். ஆக, ஆள் இல்லாமல் தானே வேகும் பாத்திரம் நமக்குப் புதிதில்லை. மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத குமாஸ்தாக்கள் பலர் அதில்தான் காலம் தள்ளினோம்.

மின்சார ஸ்லோ குக்கரின் கதை வேறு. சிகாகோவில் இர்விங் நாக்சன் என்பவர் 1940-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். யூதர்களுக்கு ஓய்வு நாளில் அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் லிதுவேனியாவில் அவருடைய பாட்டி காலத்தில், முதல் நாள் மாலையே கறியும் பயறும் போட்ட பானையை ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்களாம். அடுப்பு ஆற ஆற அது வேகும். மறுநாள் எடுத்துவந்து சாப்பிடுவார்கள். அம்மா சொன்ன இந்தக் கதையிலிருந்துதான் அவருக்கு யோசனை. 1970-ல் அந்தக் கம்பெனியை ரைவல் என்ற நிறுவனம் வாங்கி, அடுத்த வருடமே கிராக் பாட் என்று பெயர் வைத்து விற்றது. அமெரிக்கப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த காலம் அது. பாத்திரம் ஓடியதற்குக் காரணம் ருசி இல்லை, வீட்டில் ஆள் இல்லாததுதான்.

திருவொற்றியூரிலும் அதே காரணம்தான்.

கல்யாணம் ஆனதும் 1975-ல் திருவொற்றியூருக்கு மாறினோம். அது ஷிப்ட் ஊர். அசோக் லேலண்ட், என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., அந்தப் பக்கம் மணலி ரிஃபைனரி. சங்குச் சத்தம்தான் எங்களுக்குக் கடிகாரம். எங்கள் வீட்டுக்கு அடுத்த கட்டில் இருந்தவரை எல்லோரும் ரங்கூன் அக்கா என்பார்கள். நாற்பது வயது இருக்கும். கணவருக்கு ஒரு தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட். பத்தரைக்கு மேல்தான் வருவார். அக்கா பகலில் காசிமேட்டுப் பக்கம் இறால் உரிக்கப் போவார். மாலையில் தெருமுனையில் பேஜோ என்ற மொறுமொறுப்பான பலகாரம் போட்டு விற்பார். இதற்கு நடுவில் இரவுச் சாப்பாடு தானாக வேக வேண்டும்.

அதற்கு அவர் வைத்திருந்தது மரத்தூள் அடுப்பு. பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு பழைய எண்ணெய் டின், அடிப்பக்கத்தில் ஒரு ஓட்டை. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, ஓட்டை வழியாக ஒரு உருட்டுக்கட்டையை அதைத் தொடும்படி நுழைத்து, சுற்றிலும் மரத்தூளை இடித்து இடித்துத் திணிப்பார். பிறகு கட்டையையும் பாட்டிலையும் மெல்லத் திருகி உருவினால் உள்ளே ஒரு குழி நிற்கும். கீழே ஒரு சிராய் வைத்துப் பற்றவைத்தால் மூன்று நான்கு மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும். திணிப்பு தளர்ந்திருந்தால் குழி சரிந்து புகை கிளம்பும், தெருவே இருமும். மரவாடியில் ஒரு கோணித் தூள் சில்லறைக் காசுக்குக் கிடைத்தது. "பர்மாத் தேக்குத் தூள் கிடைச்சா நல்லா நின்னு எரியும் தம்பி. அதுவும் என்ன மாதிரிதான், கப்பல்ல வந்தது" என்பார்.

மாதம் ஏழாம் தேதி, கணவருக்குச் சம்பளம் வந்த மறுநாள், அந்த அடுப்பில் கௌசுவே ஏறும். முழுப் பெயர் ஓன் நோ கௌசுவே. பர்மிய மொழியில் ஓன் என்றால் தேங்காய், நோ என்றால் பால், கௌசுவே என்றால் நூடுல்ஸ். முட்டையிட்டு ஓய்ந்த நாட்டுக்கோழியை வாங்கி வருவார். விலை குறைவு, ஆனால் லேசில் வேகாது. வெங்காயம், பூண்டு, இஞ்சி அரைத்து எண்ணெயில் மிளகாய்த் தூளோடு வதக்கி, மஞ்சள் பூசிய கோழியைப் போட்டு, தேங்காயின் இரண்டாம், மூன்றாம் பாலை ஊற்றி மூடிவிட்டு பேஜோ விற்கப் போய்விடுவார். திரும்பி வந்து, எலும்பைக் கழற்றி, கறியைப் பிய்த்துப் போட்டு, கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குவார். முதல் பால் கடைசியில். அதற்குப் பிறகு கொதிக்க விடமாட்டார், பால் திரிந்துவிடும். தனியாக வேகவைத்த கோதுமை நூடுல்ஸைக் கிண்ணத்தில் வைத்து மேலே குழம்பை ஊற்றி, பச்சை வெங்காயம், அவித்த முட்டை, பொரித்த நூடுல்ஸ், எலுமிச்சம்பழம். பர்மாவில் மீன் சாறும் சேர்ப்பார்களாம். இங்கே கிடைக்காததால் விட்டுவிட்டேன் என்றார். எங்கள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் வரும். 1983-ல் மேகி வந்தபோது ஊரே அதிசயமாகப் பார்த்தது. என் மனைவி மட்டும் "இது என்ன, அக்கா கௌசுவேல பாதி கூட இல்லையே" என்றாள்.

இவர்கள் எப்படி இங்கே வந்தார்கள் என்பதைச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் சில நாளில் ரங்கூன். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள். மற்றவர்கள் வயலிலும் அரிசி ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்தார்கள். 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். ஜப்பான் படையெடுத்ததும் 1942-ல் லட்சக்கணக்கானோர் நடந்தே வந்தார்கள். வழியில் இறந்தவர்கள் ஏராளம். போருக்குப் பிறகு பலர் திரும்பிப் போனார்கள். 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. கையில் எதையும் கொண்டுவர முடியாமல் மறுபடி கப்பல். 1963-லிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மட்டும் சுமார் 1,44,000 பேர். சிலர் மனம் ஒப்பாமல் தரைவழியே திரும்பிப் போக முயன்று, முடியாமல் மணிப்பூர் எல்லையில் மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். இங்கே வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் குடியேற்றங்கள் எழுந்தன. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்தது. செகண்ட் லைன் பீச்சில் அத்தோ கடைகள் வந்தன. அத்தோ என்பது பர்மிய மொழியில் கையால் பிசைந்த கலவையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் கடைகள் இன்றும் இருக்கின்றன. மாலையில் போனால் உட்கார இடம் கிடைக்காது.

ரங்கூன் அக்காவுக்கும் அங்கே ஒரு கௌசுவே கடை இருந்திருக்கிறது. அரசு எடுத்துக்கொண்டதற்கு ஒரு சீட்டு வைத்திருந்தார். பர்மிய எழுத்து, வட்டம் வட்டமாக. இங்கே கடை வைக்கக் கடன் கேட்டு மனு கொடுத்தார். அங்கே வியாபாரம் செய்ததற்குச் சான்று வேண்டும் என்றார்கள். சீட்டைக் காட்டினால் மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்கள். எங்கேயோ அலைந்து அதையும் வாங்கிக் கொடுத்தால், சீட்டில் உள்ள பெயரின் எழுத்தும் தாயகம் திரும்பியோர் அட்டையில் உள்ள எழுத்தும் பொருந்தவில்லை என்றார்கள். நான்தான் மூன்று மனு எழுதிக் கொடுத்தேன். பிரெஞ்சில் படித்த என் ஆங்கிலம் அப்படி ஒன்றும் சிறப்பானதல்ல. ஆனால் தோற்றதற்கு அது காரணமில்லை.

எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. நானும் அந்த ஜாதிதான். தாளில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று நம்புகிற ஜாதி. "பெயர் வேறுபாடு. திருப்பி அனுப்பலாம்" என்று என் கையாலேயே எத்தனை குறிப்பு எழுதியிருப்பேன். அக்காவின் மனு மூன்றாம் முறை திரும்பி வந்த அன்றைக்கு, என் மேசையில் அப்படி ஒரு கோப்பு இருந்தது. மறுநாள் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெயரைச் சரிபார்க்க அந்த ஆளை ஒருமுறை நேரில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அவர்கள் கோப்பில் கப்பல் பெயர் இருக்கும், இறங்கிய தேதி இருக்கும், குடும்பத்தில் எத்தனை தலை என்று இருக்கும். அந்தப் பெண் என்ன சமைக்கத் தெரிந்தவள் என்பதற்குக் கட்டம் கிடையாது. ஒரு நூடுல்ஸ் கடைக்குக் கடன் கேட்டவரிடம் ஒரு கிண்ணம் செய்து காட்டச் சொல்லியிருந்தால் போதுமே என்று என் மனைவி சொல்வாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

அக்கா கடைசிவரை கடை வைக்கவில்லை. மகன் தலையெடுத்ததும் எர்ணாவூர் பர்மா நகர்ப் பக்கம் போய்விட்டார்கள். அதற்குள் கேஸ் அடுப்பு வந்து, மரத்தூள் அடுப்பு ஓரமாய்ப் போய்விட்டிருந்தது. கடைசியாக அவரைப் பார்த்தது அவருடைய பேத்தி கல்யாணத்தில். பந்தியில் பிரியாணி போட்டார்கள்.

இதில் வேடிக்கை ஒன்று. ரங்கூனிலிருந்து கராச்சிக்குப் போன மேமன்களும் இதே கௌசுவேயைக் கொண்டுபோனார்கள். அங்கே அவர்கள் அதற்கு ஸ்பகெட்டியைத்தான் வேகவைக்கிறார்கள். அரபியரான இத்ரீசி 1154-ல் எழுதிய நூலில், சிசிலித் தீவில் திராபியா என்ற ஊரில் மாவு நூலைச் செய்து கப்பலில் பல நாட்டுக்கும் அனுப்புகிறார்கள் என்று இருக்கிறது. இத்தாலிய நூலும் பர்மியக் குழம்பும் கராச்சியில் எப்போதோ சம்பந்தம் செய்துகொண்டுவிட்டன. எங்கள் வீட்டில் நடக்கத்தான் இத்தனை தாமதம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மருமகள், "அப்ப க்ரீமுக்குப் பதிலா தேங்காப்பால் ஊத்திப் பாக்கலாமா மாமா?" என்றாள். போன செவ்வாய்க்கிழமை பார்த்தோம். சில விஷயம் கற்றுக்கொண்டோம். பிராய்லர் கோழியின் நெஞ்சுக்கறி எட்டு மணி நேரம் தாங்காது, பஞ்சாகிவிடும். தொடைக்கறி, எலும்போடு, லோவில் ஐந்தாறு மணி நேரம் போதும். குளிர்பெட்டியில் உறைந்த கோழியை அப்படியே போடக் கூடாது, சூடு ஏறுவதற்குள் கெட்டுவிடலாம். பாஸ்தாவைக் காலையிலேயே போட்டால் கூழ். கடைசி அரை மணியில்தான். முதல் பாலும் அப்படித்தான், அணைக்கிற நேரத்தில். அமெரிக்கக் குறிப்பிலும் க்ரீமுக்கு இதையேதான் எழுதியிருக்கிறார்கள் என்று போனில் காட்டினாள்.

மணம் வந்துவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகன் "என்ன இது?" என்றான். ஆனால் குழம்பு நீர்த்துப் போயிருந்தது. கடலை மாவு இரண்டு கரண்டி போட்டோம். அக்கா எத்தனை போடுவார் என்று மருமகள் கேட்டாள். அளவு என் மனைவிக்குத்தான் தெரியும். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. வரும் செவ்வாய்க்கிழமை மூன்று போட்டுப் பார்க்கிறோம்.