உள்ளே திருப்பும் தசைகள்: ஒரு சிறு வரலாறு

ஏற்காடு என்றதும் நமக்கெல்லாம் ஏரியும், ஆரஞ்சும், இருபது கொண்டை ஊசி வளைவுகளும்தான் ஞாபகம் வரும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த டேவிட் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தபோது அந்த வளைவுகள் ஏது? மலைவாழ் மக்கள் சுமையோடு ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்கினார்கள். அவர்கள் வைத்த ஒவ்வோர் அடிக்கும் துணை நின்ற சில தசைகளின் கதை இது. அனாட்டமி வைவாவில் நம்மில் பலரைத் திணறடித்த அதே தசைகள்தான்!

இடுப்பு மூட்டை வெளிப்பக்கம் திருப்பும் தசைகள் எவை என்று கேட்டால் பையன்கள் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். பிரிஃபார்மிஸ், ஆப்டுரேட்டர் இரண்டு, ஜெமெல்லஸ் இரண்டு, குவாட்ரேட்டஸ் ஃபெமோரிஸ்: ஆக ஆறு. சரி, உட்பக்கம் திருப்புவது எது? அங்கேதான் மௌனம். அதற்கென்றே தனியாக ஒரு தசை கிடையாது என்பதுதான் விஷயம். குளூட்டியஸ் மீடியஸின் முன்பக்க நார்கள், அதன் அடியில் ஒளிந்திருக்கும் குளூட்டியஸ் மினிமஸ், பக்கவாட்டிலுள்ள டென்சர் ஃபேசியா லேட்டா ஆகிய மூன்றும் தங்கள் சொந்த வேலையோடு இதையும் சேர்த்துச் செய்கின்றன. தொடையின் உட்புறத் தசைகளும் கொஞ்சம் கைகொடுக்கும். முக்கியமான அந்த மூன்றுக்கும் நரம்பு ஒன்றே: சுப்பீரியர் குளூட்டியல். இந்த ஒரு நரம்பு கெட்டால் மூன்றும் ஒன்றாகப் படுத்துவிடும்.

ஹென்றி கிரேயின் அனாட்டமி நூல் 1858-ல் வெளிவந்தது. அதற்குப் படங்கள் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் அதே ஆண்டு பம்பாய்க்கு வந்து, வெகுகாலம் நம் நாட்டிலேயே பணியாற்றினார். அந்த நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் அது அச்சாயிற்று. அவரிடம் படித்தவர்களில் பலர் தமிழிலேயே பாடம் கேட்டுத் தமிழிலேயே மருத்துவரானவர்கள். இன்றைய மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 150 ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் தசைகளைப் படித்திருக்கிறார்கள் நம்மவர்கள்.

ஆனால் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தால் போதுமா? அது என்ன செய்கிறது என்று தெரிய வேண்டாமா? பிரான்ஸ் நாட்டு டாக்டர் டுஷேன் உயிருள்ள மனிதர்களின் தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்து, 1867-ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். குளூட்டியஸ் மீடியஸின் முன்பகுதி தொடையை உள்ளே திருப்புகிறது, பின்பகுதி வெளியே திருப்புகிறது என்பது அப்படித் தெரிந்ததுதான். ஒரே தசைக்குள் இரண்டு எதிரெதிர் வேலை!

அடுத்தது 1895. பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகிய குழந்தைகள் ஏன் வாத்து மாதிரி அசைந்து நடக்கிறார்கள் என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் கூர்ந்து பார்த்தார். தொடை எலும்பு மேலே வழுக்குவதுதான் காரணம் என்று மற்றவர்கள் நினைத்திருக்க, மீடியஸும் மினிமஸும் பலமிழந்ததே காரணம் என்றார் அவர். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால், தூக்கிய காலின் பக்கம் இடுப்பு சரியும். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதும் அதே 1895-ன் கடைசியில்தான். ஆக, எக்ஸ்ரே கைக்கு வருமுன் வெறும் கண்ணால் கண்டது இது.

தமிழ்நாட்டில் இந்த நடையை நமக்குப் பாடமாக்கியது இளம்பிள்ளை வாதம். போலியோ அடிக்கடி முடக்கிய தசைகளில் மீடியஸும் ஒன்று. இதில் மனசை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. போலியோ கிருமி உடலில் இருக்கும்போது சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துப் புட்டத்தில் ஊசி போட்டால், ஊசி ஏறிய காலிலேயே வாதம் வரும் ஆபத்து கூடியது. "ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர், சட்டுன்னு இறங்கிடும்" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நாமும் போட்டோம். வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் போன்றோரின் உழைப்பும், 1995-ல் தொடங்கிய தேசிய சொட்டு மருந்து இயக்கமும் இந்த நிலையை மாற்றின. இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளிக்கு 2011 ஜனவரியில் வாதம் கண்டது. 2014 மார்ச் 27-ல் நமக்குப் போலியோ ஒழிந்த சான்று கிடைத்தது.

ஊசி போடும் இடத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. புட்டத்தில் இடம் தவறினால் சயாட்டிக் நரம்பு போய்விடும், பாதம் தொங்கிப்போகும். அதனால் 1950-களில் ஹோக்ஸ்டெட்டர் என்பவர் இடுப்பின் பக்கவாட்டில், பெரிய நரம்பும் ரத்தக் குழாயும் குறுக்கிடாத இடத்தைக் காட்டினார். அங்கே ஊசி இறங்குவது நம் மீடியஸ், மினிமஸ் தசைகளுக்குள்தான்.

கதை இன்னும் முடியவில்லை. 1999-ல் ஸ்காட் டெல்ப் குழுவினர் அளந்து பார்த்ததில், இடுப்பை மடக்க மடக்க உள்ளே திருப்பும் பலம் கூடுவது தெரிந்தது. வெளியே திருப்பும் பிரிஃபார்மிஸ்கூட அப்போது கட்சி மாறி உள்ளே திருப்புகிறது! மூளை வாதமுள்ள குழந்தைகள் மடங்கிய இடுப்போடு முழங்காலை உள்ளே திருப்பி நடப்பது ஏன் என்று யோசிக்க இது உதவியது. எந்தத் தசையை வெட்டி நீட்டுவது, எதைத் தொடாமல் விடுவது என்பது இப்படிப்பட்ட கணக்கைப் பொறுத்தது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்துச் சோதிக்கும்போது, பாதம் வெளியே போனால் தொடை உள்ளே திரும்புகிறது என்று அர்த்தம். பரீட்சையில் இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அதைவிட முக்கியம், மேஜையில் படுக்கச் சொல்வதற்கு முன், "கொஞ்சம் நடந்து காட்டுங்கம்மா" என்று கேளுங்கள். பாதி விடை அந்த நாலு அடியிலேயே கிடைத்துவிடும்.