புளூபெரி: செழித்த மண்ணை மறுத்த செடி

இன்று உலகெங்கும் பேரங்காடிகளில் விற்கப்படும் புளூபெரி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தோட்டப் பயிராக இருக்கவில்லை. வட அமெரிக்காவின் பூர்வகுடிகள் அதனைக் காடுகளில் பறித்து உண்டனர், உலர்த்தியும் சேமித்தனர். பின்னர் குடியேறியோர் அப்புதரைப் பெயர்த்து வந்து தோட்டத்தில் நட்டபோது அது பெரும்பாலும் வாடி மடிந்தது. எனவே, வளர்க்க முடியாத செடி என்ற எண்ணம் நிலைபெற்றது.

அதனை மாற்றியவர் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் தாவரவியலாளர் பிரெடெரிக் கொவில். 1906 இல் ஆய்வைத் தொடங்கிய அவர், 1910 இல் முடிவுகளை வெளியிட்டார். எருவும் சுண்ணாம்பும் இட்டுப் பண்படுத்திய மண்ணே செடியைக் கெடுத்தது என்பது அவரது கண்டுபிடிப்பு. நமது மலையகத் தேயிலையைப் போலவே புளூபெரிக்கும் அமில மண் வேண்டும். ஹோட்டன் சமவெளியில் செந்நிறமாய்ப் பூக்கும் ரொடொடென்ட்ரன் மரமும் புளூபெரியின் குடும்பத்தைச் சேர்ந்ததே. வேர்த்தூவிகள் அற்ற புளூபெரியின் வேர்களுக்குள் வாழும் ஒருவகைப் பூஞ்சையே, வளம் குன்றிய மண்ணிலிருந்து அதற்கு உணவு பெற்றுக் கொடுக்கிறது. குளிர்காலக் குளிர் கிட்டாவிடின் அடுத்த பருவத்தில் அது சரியாகத் துளிர்ப்பதுமில்லை.

கொவிலின் அறிக்கையைப் படித்த எலிசபெத் வைட் 1911 இல் அவருக்குத் தம் நிலத்தை வழங்க முன்வந்தார். நியூ ஜேர்சியில் கிரான்பெரி பயிரிட்ட குடும்பத்தின் மகள் அவர். வழமையான பயிர்கள் விளையாததால் தரிசு எனப் பெயர்பெற்ற மணற்காடு அப்பகுதி. புளூபெரிக்கோ அதுவே தாய்மண்.

சிறந்த புதர் எங்கே நிற்கிறது என்பதைக் கொவிலும் அறியார், வைட்டும் அறியார். காட்டில் பழம் பறித்துப் பிழைத்தோரே அதை அறிந்திருந்தனர். எட்டில் ஐந்து அங்குல விட்டமுடைய துளையிட்ட அளவுகோலை வைட் அவர்களிடம் கொடுத்தார். அத்துளைக்குள் நுழையாத பெரிய பழம் காய்க்கும் புதரைக் காட்டியவர்களுக்குப் பணம் வழங்கப்பட்டது. புதர்களுக்கும் அவர்களின் பெயர்களே சூட்டப்பட்டன. ரூப் லீக் காட்டிய புதர் 'ரூபெல்' ஆயிற்று.

விதையிலிருந்து முளைக்கும் செடி தாயின் குணத்தை அப்படியே கொண்டிராது. தண்டுத் துண்டுகளோ எளிதில் வேர்விடா. கரிமண்ணும் மணலும் கலந்த பாத்திகளில் பொறுமையுடன் அவற்றை வேர்பிடிக்கச் செய்தபின், 1916 இல் முதல் விளைச்சல் சந்தைக்குச் சென்றது.

ரூபெல் இன்றும் பயிரிடப்படுகிறது. தண்டுத் துண்டுகளால் பெருக்கப்படுவதால், ஒவ்வொரு ரூபெல் செடியும் லீக் அடையாளம் காட்டிய அந்த ஒரே புதரின் தொடர்ச்சியாகும். விவசாய வரலாற்றில் ஆய்வாளரின் பெயர் நிலைப்பது வழமை. காட்டை அறிந்த ஓர் உழைப்பாளியின் பெயரும் இங்கே நிலைத்திருப்பது குறிப்பிடத்தக்கது.