ஒப்புக்குச் சப்பாணியும் உலகச் சாம்பியனும்



கிராஞ்சியில் என் அண்ணனுக்குச் சிறிய பட்டறை ஒன்று இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் நாலைந்து பெரியவர்கள் அங்கே கூடித் தாயம் உருட்டுவோம், கேரம் ஆடுவோம். ஒருமுறை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் என் ஏழு வயது மகளையும் அழைத்துப் போனேன். அரை மணி நேரம் கைப்பேசியில் கழிந்தது. அப்புறம், "அம்மா, போர் அடிக்குது, வீட்டுக்குப் போலாம்" என்று ஆரம்பித்துவிட்டாள். வந்திருந்தவர்களில் ஒருவர், "இதுக்குத்தான் பிள்ளைங்கள கூட்டிட்டு வரக்கூடாதுன்னு சொல்றது" என்று முணுமுணுத்தார். என் அண்ணனோ, "இங்க வா கண்ணு, நீ எனக்கு ஒப்புக்குச் சப்பாணி. கட்டைய நீ உருட்டு, காய நான் நகத்துறேன்" என்றார்.

இந்தத் தொடர் நமக்குத் தெரிந்ததுதான். ஆட்டத்தில் முறையாகச் சேராமல், பேருக்கு உடன் இருப்பவரை இப்படிச் சொல்வோம். 'சப்பாணி' என்பது நடக்க இயலாதவரைக் குறித்த பழஞ்சொல். ஆகவே யாரையும் கிண்டல் செய்ய இதைப் பயன்படுத்தக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். நான் இங்கே பேச வருவது அந்த இடத்தைப் பற்றி. பெரியவர்கள் ஆடும் பலகையின் ஓரத்தில் பிள்ளைக்கு ஓர் இடம் உண்டா? வரலாறு என்ன சொல்கிறது?

வல்லும் நாயும்

பலகை ஆட்டம் நமக்குப் புதிதல்ல. கீழடி அகழாய்வில் பகடைகளும் ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன. சங்க காலத்தில் 'வல்' அல்லது 'வல்லு' என்றோர் ஆட்டம் இருந்தது. அதில் நகர்த்தும் காய்க்கு 'நாய்' என்று பெயர். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில், 'வல்' என்ற சொல்லோடு 'நாய்', 'பலகை' ஆகிய சொற்கள் சேரும்போது எப்படிப் புணரும் என்பதற்குத் தனி விதியே சொல்கிறார். 'வல்லநாய்', 'வல்லப்பலகை' என்பவை அதன் எடுத்துக்காட்டுகள். இலக்கணத்தில் விதி வகுக்கும் அளவுக்கு மக்கள் வாயில் புழங்கிய சொற்கள் அவை.

புறநானூற்றின் 52ஆம் பாடலில் இதைவிட ஆழமான காட்சி ஒன்று உண்டு. மருதன் இளநாகனார் பாழடைந்த ஊரொன்றைக் காட்டுகிறார். அங்கே பொதுமன்றத்தில் பூசை நின்றுவிட்டது. நரைத்த முதியவர்கள் காய் வைத்து ஆடி ஆடிக் குழிந்த இடத்தில் இப்போது காட்டுக்கோழி முட்டையிடுகிறது. ஊர் அழிந்தது என்று சொல்ல, புலவர் வெறிச்சோடிய ஆட்டக்களத்தைத் தேர்ந்தெடுத்தார். முதியவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் இடத்தில் உட்கார அடுத்த தலைமுறை இல்லை.

பெரியவர்களின் அச்சம்

அப்படியானால் பிள்ளைகளைப் பலகையிடமிருந்து ஏன் விரட்டினார்கள்? காரணம் இருக்கிறது. திருவள்ளுவர் 'சூது' என்று ஓர் அதிகாரமே (94) எழுதினார். பாரதியார் 'பாஞ்சாலி சபத'த்தில் பகடையால் ஒரு குலமே சீரழிந்த கதையைப் பாடினார். பணயம் வைக்கும் ஆட்டம் குடும்பத்தைக் கெடுக்கும் என்பதை நம் முன்னோர் கண்ணால் கண்டவர்கள். அவர்களின் அச்சம் நியாயமானது. ஆனால் அந்த அச்சம் பணயத்தின் மேல் இருக்க வேண்டியது. அது பலகை மேலும் படிந்துவிட்டது.

சென்னையில் ஒரு மன்றம்

பணயம் இல்லாத பலகையின் ஓரத்தில் பிள்ளையை உட்கார வைத்தால் என்ன நடக்கும்? சென்னையைப் பாருங்கள். இந்தியாவின் முதல் அனைத்துலக மாஸ்டர் மானுவேல் ஆரோன், 1972இல் அங்கே சோவியத் பண்பாட்டு மையத்தில் தால் சதுரங்க மன்றத்தைத் தொடங்கினார். ஆறு வயதில் தாயாரிடம் சதுரங்கம் கற்ற விசுவநாதன் ஆனந்த், சிறுவனாக அந்த மன்றத்துக்குப் போனார். விரைவாட்டத்தில் தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். தன்னைவிட மூத்தவர்களுக்கு நடுவே இருக்கையைத் தக்கவைத்துக்கொள்ளச் சிறுவன் வென்றாக வேண்டும். பிற்காலத்தில் உலகமே வியந்த அவருடைய வேகம் அங்கே வளர்ந்தது.

வைஷாலியின் பெற்றோர், மகள் தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்கத்தான் சதுரங்கத்தில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துப் பலகையிடம் வந்த தம்பி பிரக்ஞானந்தா. இன்று இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள்.

2013 நவம்பரில் ஆனந்தும் கார்ல்சனும் சென்னையில் உலகப் பட்டத்துக்காக மோதினார்கள். கண்ணாடி அறைக்கு வெளியே பார்வையாளர்களோடு ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒருநாள் அந்த அறைக்குள் நானும் இருக்க வேண்டும் என்று நினைத்தான். பதினோரு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 12 அன்று, நம் சிங்கப்பூரில், செந்தோசாவில், 14ஆவது ஆட்டத்தில் டிங் லிரெனை வென்று, 7.5-6.5 என்ற கணக்கில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். அப்போது வயது 18. வென்ற பிறகு அவரே அந்தக் கண்ணாடி அறையை நினைவுகூர்ந்தார்.

மறுபடியும் கிராஞ்சி

எல்லாப் பிள்ளைகளும் குகேஷ் ஆகப்போவதில்லை. என் மகளும் ஆகமாட்டாள். ஆனால் அன்று பட்டறையில் வேறொன்று நடந்தது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், கட்டையை உருட்டிக்கொண்டே, "மாமா, அந்தக் காய வெட்டுங்க! இல்ல இல்ல, வேணாம், முதல்ல மலையில ஏறிடுங்க!" என்று கத்தினாள். தமிழாசிரியரான நான் இரண்டு வருடமாகக் கெஞ்சியும் வராத வாக்கியம் அது. யாரும் அவளுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. பெரியவர்கள் பேசியதைக் கேட்டாள், அவளுக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது, அவ்வளவுதான். முணுமுணுத்தவரும் சிரித்துவிட்டார்.

பிள்ளைகளுக்குப் பேச்சுத்தமிழ் வரவில்லை என்று நாம் வருந்துகிறோம். பெரியவர்கள் தமிழில் சிரித்துப் பேசும் இடத்துக்கு அவர்களை எத்தனை முறை கூட்டிப்போகிறோம்? காசு வைத்து ஆடாதீர்கள். பிள்ளைக்குக் கட்டை உருட்டுவது, கணக்கு வைப்பது என்று ஏதாவது ஒரு பொறுப்பு கொடுங்கள். சலித்துவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். புறநானூற்று ஊர்போல நம் ஆட்டக்களமும் வெறிச்சோடிப் போகாமல் இருக்க இது ஒரு வழி.

வகுப்பறைக்கு

1. 'காய் நகர்த்துதல்', 'பகடைக்காய் ஆக்குதல்' ஆகிய தொடர்களின் பொருளை எழுதி, வாக்கியத்தில் அமைக்கவும்.
2. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் சிறுவயதில் ஆடிய பலகை ஆட்டம் பற்றிக் கேட்டு, வகுப்பில் இரண்டு நிமிடம் பேசவும்.
3. "பெரியவர்களின் விளையாட்டில் சிறுவர்களுக்கு இடம் வேண்டும்." இக்கருத்தை ஒட்டியோ வெட்டியோ கட்டுரை எழுதவும்.