பிரத்தியக்ஷமே பிரமாணம்: சிந்தாமணி ரகுநாதாசாரியாரின் வானநூற்பணி

சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையத்தில் ஏறக்குறைய நாற்பதாண்டுக் காலம் உழைத்து, 1880ஆம் ஆண்டில் மறைந்த சிந்தாமணி ரகுநாதாசாரியாரைக் குறித்து எழுதுவோர், 1867 ஜனவரியில் அவர் தென்வானத்து ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்ததையே முதற்கண் எடுத்துரைப்பர். அது அற்பமான காரியமன்று: சென்னையில் இருந்து நோக்குவார்க்கு அவ்விண்மீன் உச்சமேறிய வேளையிலும் தெற்கு அடிவானத்துக்குமேல் சுமார் 14 பாகையே நிற்கும், ஏறக்குறைய 278 நாட்களுக்கு ஒரு முறை பொலிந்து, இடையில் சிறு தொலைநோக்கிக்கும் எட்டாதபடி மங்கிவிடும். ஆயினும் அவருடைய கீர்த்தியை அந்த ஒரு விண்மீனின்மேல் மட்டும் நிறுத்துவது பொருந்தாது என்பதே என் துணிபு. ஜனங்களுக்கென்று அவர் செய்த போதனை, ஆராய்ச்சி ஒழிந்த வேளையில் செய்த உபகாரமன்று. கண்டதே பிரமாணம் என்னும் ஒரே கொள்கை இரண்டிலும் நின்று இயங்கிற்று.

1874 டிசம்பர் 9 அன்று சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் குறுக்கே கடக்கவிருந்தது. நூற்றைந்து ஆண்டுகளுக்குமேல் நிகழாதிருந்த அக்காட்சியை, பூமியின் தூர தூரமான இடங்களிலிருந்து நோக்கி, கடக்கும் பாதையிலும் நேரத்திலும் காணும் சிறு பேதங்களைக் கொண்டு சூரியனின் தூரத்தைக் கணிக்கலாம் என்பதை விளக்கி, ஆங்கிலத்திலும் இந்நாட்டு மொழிகள் சிலவற்றிலும் அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் உரையாடல் வடிவத்தையும் அவர் கையாண்டது கவனிக்கத்தக்கது. குருவும் சீடனும் வினவி விடுத்து சாஸ்திரம் பயின்ற மரபில் வளர்ந்த வாசகனுக்கு அது அந்நியமாகத் தோன்றியிராது.

பஞ்சாங்க விஷயத்திலோ அவர் பாதை இன்னும் கரடுமுரடானது. நெடுங்காலத்துக்கு முன் இயற்றிய வாக்கியங்களைக் கொண்டே கிரக நிலைகளைக் கணிக்கும் வழக்கில் பிழை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வரும். கிரகணம் பிடிக்கும் நாழிகை தவறும்போது அதனைத் தெருவில் நிற்பவனும் கண்டுகொள்வான். 1868 ஆகஸ்டில் பூரண சூரிய கிரகணத்தை வனபர்த்தியிலும், 1872 ஜூனில் கங்கண கிரகணத்தை அவிநாசியிலும் சென்று நோக்கிய இவர், கண்ட காட்சிக்கு இசையத் திருத்திய கணிதத்தையே திருக்கணிதப் பஞ்சாங்கமாக ஜனங்களின் கையில் கொடுத்தார். முகூர்த்தமும் பலனும் பார்க்கும் ஏட்டில் விஞ்ஞானத்தைப் புகுத்தியது மூடநம்பிக்கைக்கு வலுவூட்டியதாகாதா என்று வினவலாம். ஓரளவு ஆகும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால், வீடுதோறும் புகுந்த வானநூல் அக்காலத்தில் அது ஒன்றுதானே!

அவர் முயற்சி பாதியே பலித்தது. திருக்கணிதம் 2025 மார்ச் 29இல் சனிப்பெயர்ச்சி என்று சொல்ல, திருநள்ளாற்றுக் கோயில் வாக்கிய முறைப்படி அதனை 2026க்கு உரியதென அறிவித்தது. அவர் உழைத்த நுங்கம்பாக்கத்தில், 1792இல் எழுந்த அவ்வானாய்வு நிலையத்தின் கருங்கல் தூண் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அதைக் காணப் போகாவிடினும், வாசகர் தம் வீட்டுப் பஞ்சாங்கத்தின் முகப்பில் வாக்கியம் என்றிருக்கிறதா, திருக்கணிதம் என்றிருக்கிறதா என்பதையேனும் ஒருமுறை பார்ப்பாராக.