ஓட்டை எடுக்காதே, படி!

ஆழ்வார்திருநகரி என்றதும் நம்மாழ்வாரும் உறங்காப்புளியும் நினைவுக்கு வருவது இயல்பு. இவ்வூரிலிருந்து தாமிரபரணிக் கரையோடு மேற்கே சென்றால் ஆதிச்சநல்லூர்; கிழக்கே சென்றால் பாண்டியரின் முத்துத்துறையான கொற்கை. நடுவே வாழும் மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடம் காலடியிலேயே கிடக்கிறது. அதைப் படிப்பது எப்படி?

ஆதிச்சநல்லூர்ப் பரம்பு சுமார் 114 ஏக்கர் பரப்புள்ள பழைய இடுகாடு. 1876இல் பெர்லினிலிருந்து வந்த டாக்டர் யாகோர் இங்கு தோண்டினார். கிடைத்த பொருள்கள் பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அவர் கண்ட வெண்கலப் பாத்திரங்களும் இரும்புக் கருவிகளும் பொன் நெற்றிப்பட்டங்களும் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. தம் ஊர்ப் பொருள்களைக் காண உள்ளூர்ப் பிள்ளைகள் நெடுந்தூரம் செல்ல வேண்டியதாயிற்று.

2004-05இல் மத்திய தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தபோது 160க்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. இங்கு கிடைத்த இரு மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 எனக் கரிமக் கணிப்பில் தெரிந்தது. 2019இல் இம்முடிவு வெளியாயிற்று. அந்த மாதிரிகள் எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எதனருகே இருந்தன என்ற குறிப்பு இல்லையென்றால் இந்த எண்களால் என்ன பயன்? பொருளைவிட அது கிடந்த இடமே பெரிய சான்று.

2023இல் திறக்கப்பட்ட ஆதிச்சநல்லூர்த் தள அருங்காட்சியகம் இதைத்தான் கற்பிக்கிறது. அகழ்ந்த குழியின்மேல் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அதன்மீது நின்று, தாழிகளைக் கிடந்த நிலையிலேயே காணலாம்.

அங்கு செல்லும் மாணவர்கள் கறுப்பு-சிவப்புப் பானைகளைக் கூர்ந்து நோக்கட்டும். உள்ளும் வாயும் கறுப்பு. வெளியே கீழ்ப்பகுதி சிவப்பு. ஏன்? பானையைக் கவிழ்த்துச் சுட்டிருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. உமியிலும் சாம்பலிலும் புதைந்த வாய்ப்பகுதிக்குக் காற்று எட்டவில்லை, கரியேறிக் கறுத்தது. காற்றுப்பட்ட பகுதியில் களிமண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனுடன் சேர்ந்து சிவந்தது. ஓர் ஓட்டிலே ஒரு வேதியியல் பாடம்!

பள்ளியிலும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு மரப்பெட்டியில் செம்மண், மணல், சாம்பல் என அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் உடைந்த சட்டித் துண்டுகளைப் புதையுங்கள். மேலே கயிறு கட்டிக் கட்டங்களாகப் பிரியுங்கள். பெட்டியை நிரப்பாத மற்றொரு குழு, கரண்டியாலும் தூரிகையாலும் மெல்ல அகழ்ந்து, ஒவ்வொரு துண்டின் கட்டத்தையும் ஆழத்தையும் குறிக்கட்டும். எது முதலில் புதைந்தது என்று அக்குறிப்பைக் கொண்டே சொல்ல வேண்டும். இரண்டு துண்டுகளைக் குறிக்காமல் எடுத்துவிட்டால் என்னவாகும் என்பதையும் சோதியுங்கள். விடை சொல்ல முடியாமல் திணறும்போதுதான் குறிப்பேட்டின் அருமை விளங்கும்.

ஆகவே, வயலிலோ ஆற்றங்கரையிலோ பழைய ஓட்டைக் கண்டால் பையில் போடாதீர்கள். படம் வரையுங்கள், இடத்தைக் குறியுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். பெர்லினுக்குப் போன பொருள் என்றாவது திரும்பலாம். குறிக்காமல் எடுத்த ஓட்டின் வரலாறு திரும்பவே திரும்பாது.