நுரை வந்த வழி

காபியைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர் நம்மவர்களில் யாரும் இருக்க மாட்டார்கள். டிகாக்ஷனையும் சிக்கரியையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். ஆனால் மேலே நிற்கும் நுரையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு ஊருக்குப் பால் எப்படி வந்தது என்பதைப் பொறுத்தே அதன் காபியில் நுரையும் வந்தது என்பது என் எண்ணம். பௌதிகம் படித்தவன் என்ற முறையில் அதை விளக்க முயல்கிறேன்.

முதலில் நம் டபரா டம்ளர். கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிக்க முடியாது. எனவே நம் ஊரில் பால் முதலில் பொங்கும். பிறகுதான் காபியில் சேரும். அந்தச் சூட்டைக் குடிக்கும் பதத்துக்குக் கொண்டுவரவே ஆற்றுகிறோம். உயரத்திலிருந்து விழும் காபி காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. பாலிலுள்ள புரதங்கள் அந்தக் காற்றுக் குமிழிகளைச் சுற்றி மெல்லிய படலமாகப் படிந்து, உடையாமல் காக்கின்றன. ஆக, நம் முறையில் நுரை வரும்போதே சூடு இறங்குகிறது.

இத்தாலியர் முறை இதற்கு நேர்மாறு. டூரின் நகரத்து ஆஞ்சலோ மொரியோண்டோ 1884ல் நீராவியால் காபி இறக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1901ல் மிலான் நகரத்து லூயிஜி பெஸேரா அதைத் திருத்தி அமைத்தார். 1905 முதல் பவோனி என்பவர் அதைத் தயாரித்து விற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அகிலே காஜியா நெம்புகோல் வைத்து அழுத்தத்தைப் பல மடங்கு கூட்டினார். இன்றைய எஸ்பிரஸ்ஸோவுக்கு வழக்கமான அழுத்தம் 9 பார். பாலுக்கு அவ்வளவு தேவையில்லை. 1 முதல் 1.5 பார் நீராவியே போதும். இங்கே நுரை வரும்போது சூடு ஏறுகிறது.

தில்லிக்கு வருவோம். இங்கே தில்லி பால் திட்டம் 1959ல் ஆரம்பமாயிற்று. 1976ல் எனக்கு லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது, விடியற்காலையில் பால் பூத்தின் முன் வரிசையில் நிற்பது குடும்பத் தலைவரின் முதல் கடமை. 1974ல் தொடங்கிய மதர் டெய்ரி, பிற்பாடு டோக்கன் போட்டால் குழாயில் பால் வரும் வசதியைக் கொண்டுவந்தது. இரண்டுமே பாஸ்சரைஸ் செய்த பால். காய்ச்ச வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் நாம் காய்ச்சினோம்; இன்றும் காய்ச்சுகிறோம்!

அந்நாளில் தில்லிக் கல்யாணங்களில் 'எஸ்பிரஸ்ஸோ' என்று கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? இன்ஸ்டன்ட் பொடி, சர்க்கரை, பால் மூன்றையும் சேர்த்து நீராவிக் குழாயை விட்டு, உஸ்ஸென்ற சத்தத்துடன் பொங்கவைத்து, மேலே சாக்லேட் பொடி தூவுவார்கள். இத்தாலியர் பார்த்தால் இதை எஸ்பிரஸ்ஸோ என்று ஒப்புக்கொள்ள மாட்டார். டிகாக்ஷன் இறக்கும் பாதி வராமல், நீராவிப் பாதி மட்டும் இங்கு வந்து சேர்ந்தது. அசல் எஸ்பிரஸ்ஸோ சாதாரண ஜனங்களிடம் பரவியது கஃபே காபி டே 1996லும் பரிஸ்டா 2000லும் கடை திறந்த பிறகுதான். இப்போது அந்த இயந்திரம் சிறிய உருவில் வீட்டுச் சமையலறைக்கே வந்துவிட்டது.

எங்கள் வீட்டிலும் பேத்தி ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். "பாலைக் காய்ச்சாமல் காபியா?" என்று என் சகதர்மிணி ஒரு வாரம் அதன் பக்கமே போகவில்லை. ஆனால் அவளுக்கு மணிக்கட்டில் வலி. கொதிக்கும் காபியை உயரத் தூக்கி ஆற்றுவது இப்போது சிரமம். வயதானவர்கள் வீட்டில் இது அற்ப விஷயம் அல்ல. ஆகவே விஷயத்தை அவளுக்கு விளக்கினேன்.

பால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஸ்டீல் பாத்திரத்தில் பாதிக்குக் குறைவாக ஊற்றிக்கொள்ளுங்கள். குழாயின் முனையைப் பாலின் மேல்மட்டத்துக்குச் சற்றே கீழே வைத்தால் காற்று உள்ளே போகும். பாத்திரம் வெதுவெதுப்பானதும் முனையை ஆழமாக இறக்கினால் பால் சுழன்று, பெரிய குமிழிகள் உடைந்து நுரை பட்டுப்போல் ஆகும். பாத்திரத்தின் வெளிப்புறத்தில் கை வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்திவிடலாம். அது ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரி. அதற்கு மேல் போனால் காய்ச்சிய வாசனை வந்துவிடும். 3 சதவீதக் கொழுப்புள்ள டோன்டு பாலே தாராளமாக நுரைக்கும். ஃபுல் க்ரீம் பாலில் ருசி கூடும். பழைய பால் சரியாக நுரைக்காது.

ஒரு சிறு கணக்கு. நீராவி நீராக மாறும்போது கிராமுக்கு 540 கலோரி வெப்பத்தை விடுகிறது; பிறகு 65 டிகிரி வரை ஆறும்போது இன்னும் 35. 150 மில்லி பாலை 10லிருந்து 65 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 7,900 கலோரி வேண்டும். எனவே ஏறத்தாழ 14 கிராம் நீராவி பாலிலேயே தண்ணீராகக் கலக்கிறது. பால்காரரை எத்தனை வருஷம் குறை சொல்லியிருப்போம்!

இப்போது எங்கள் வீட்டில் காலைக் காபிக்கு ஃபில்டர் டிகாக்ஷன்தான். பால் மட்டும் நீராவியில் நுரைக்கிறது. அதைச் செய்வது என் சகதர்மிணி. பதிலுக்குப் பேத்தி டபராவில் ஆற்றக் கற்றுக்கொண்டிருக்கிறாள்; தற்சமயம் பாதி காபி மேடைமேல். ஆனால் மின்சாரம் போனாலும் நுரை வரும் முறை அது ஒன்றுதான். உங்கள் வீட்டிலும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆரம்பத்தில் பச்சைத் தண்ணீரில் பழகட்டும்.